டெக் பலகை நீக்கல்களைத் தயவுசெய்து அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வசந்தகால வீட்டு வேலைகள் பற்றி வந்த பக்கத்தில், பின்வளவில் மரப்பலகையால் போட்ட திறந்த தளமான டெக்கின் பலகைகளுக்கு இடையில் நீக்கல், அதாவது இடைவெளி, தெரிந்தால் சிலிக்கோன் பசை அடித்து அடைத்துவிடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும், பூச்சியும் வராது என்று ஒரு குறிப்பு இருந்தது. நாலே நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியை நம்பி இந்தச் சனி ஞாயிறில் எத்தனை பேர் கடைக்குப் போய் சிலிக்கோன் குழாய் வாங்கப் போகிறார்களோ என்று நினைத்ததும் மனம் பதறிவிட்டது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். அடைக்காதீர்கள். அந்த நீக்கல், டெக் போட்டவர் தெரிந்தே விட்ட இடம். அது இல்லாவிட்டால் டெக் நிலைக்காது.

நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் 22 வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் டெக்தான். நம்மவர்கள் ரூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு வாங்கினால் முதல் வருடம் சமையலறை, இரண்டாம் வருடம் டெக் என்றுதான் போகிறது, பிறந்தநாள் விழாவும் பார்பிகியூவும் பின்னேரத் தேத்தண்ணியும் அங்கேதான் நடக்கிறது. அப்படி எல்லாரும் கூடி நிற்கும் தளம் என்பதால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

போன மாதம் பெண்டில் ஹில்லில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "தம்பி, ஓரிடத்தில காலை வைச்சால் பொதுக்கெண்டு பதியுது" என்றார் அந்த வீட்டு அக்கா. போய்ப் பார்த்தால் மேலே ஒரு குறையும் இல்லை. மெர்போ என்ற கடின மரப் பலகை, நல்ல சிவப்பு, ஒழுங்காக எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நீக்கலிலும் கறுப்புக் கோடு மாதிரி சிலிக்கோன். விசாரித்தபோது, 2021 இல் அவருடைய தோட்டின் சுரை கழன்று நீக்கலுக்குள் விழுந்து, அதைத் தேடி எடுக்க முடியாமல் போன கோபத்தில், தெரிந்த ஒருவரைப் பிடித்து எல்லாவற்றையும் அடைப்பித்திருக்கிறார்கள். நான் திருகாணிகளைக் கழற்றி நாலு பலகையைத் தூக்கினேன். கீழே பலகைகளைத் தாங்கும் சட்டம், இங்கே ஜொய்ஸ்ற் என்பார்களே, அதன் மேல்முகம் கறுத்து ஈரமாகக் கிடந்தது. அதற்கு முன் ஒரு கிழமையாக மழையே இல்லை, ஆனாலும் ஈரம். திருகாணி முடுக்கியின் நுனியை வைத்து மெல்ல அழுத்தினேன், இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது மரம் புட்டு மாவு மாதிரி உதிர்ந்து வந்தது. அந்தச் சட்டம் உக்காமல் இருக்க மருந்தேற்றாத மரம், அது முதல் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே மரம் அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் நின்றிருக்கிறது. காற்றுப் பட்டு ஒவ்வொரு மழைக்கும் பிறகு காய்ந்துகொண்டிருந்தவரைக்கும் நின்றது.

சிலிக்கோன் அடித்தால் தண்ணீர் உள்ளே போகாது என்றுதானே நினைப்போம்? எண்ணெய் ஊறிய மரத்தில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், கோடையில் பலகை சுருங்கும்போது ஒரு பக்கம் மயிரிழை அளவு விட்டுவிடும். குனிந்து பார்த்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிரிழை வழியே மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சிலிக்கோனுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதற்கு வெளியேற வழி இல்லை, மேலே வெயில் எரித்தாலும் அங்கே படாது. நீக்கல் திறந்திருந்தால் அதே தண்ணீர் ஒழுகி மண்ணில் விழுந்திருக்கும், மிச்சத்தைக் காற்று காய வைத்திருக்கும்.

இன்னொரு காரணம் இருக்கிறது. மரம் அசைகிறது. வெட்டிக் காயவைத்து, சீவி, ஆணி அடித்து வைத்த பிறகும் ஈரம் கூடினால் பருக்கும், குறைந்தால் ஒடுங்கும். நீளவாட்டில் இது இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் அகலவாட்டில்தான். என் ஐயா யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஓடாவி, தச்சர். அவர் செய்யும் கதவுகளில் நடுப்பலகையைச் சட்டத்தின் தவாளிப்புக்குள் இறக்குவார், ஆனால் அதற்குப் பசை போட மாட்டார், பக்கவாட்டில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் இறக்குவார். கார்த்திகை மழைக்கு இறுகி, பங்குனி வெயிலுக்குத் தளர்ந்து, வருடா வருடம் அந்தப் பலகை உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும், கதவு வெடிக்காது. ஊரில் மழைக்காலத்தில் அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டெக்குக்கு வருவோம். ஸ்பொற்றட் கம் மரத்தில் 140 மில்லிமீற்றர் அகலப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பலகையில் ஈரம் 12 வீதம் அளவில் இருக்கும். தொடர்மழையில் அது 17 வீதத்துக்கு ஏறினால் பலகை சுமார் இரண்டரை மில்லிமீற்றர் பருக்கும். சின்னக் கணக்குத்தானே என்று தோன்றும். 30 பலகை போட்ட டெக்கில் அது 75 மில்லிமீற்றர், மூன்று அங்குலம். நீக்கலை அடைத்து வைத்தால், அல்லது போடும்போதே நெருக்கிப் போட்டால், அந்த மூன்று அங்குலம் எங்கே போகும்? பலகை மேலே எழும்பும், திருகாணியின் தலை பறக்கும், ஓரச் சட்டத்தை வெளியே தள்ளும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 2020 ஜனவரி 4 ஆம் திகதி சிட்னியின் மேற்கே பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் அடித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதம்தான் ரூங்காபியில் ஒரு வீட்டுக்கு பிளாக்பட் பலகையில் டெக் போட்டேன். வந்து இறங்கிய பலகை அந்த வெக்கையில் இன்னும் காய்ந்து, அப்பளம் மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்கு நீக்கல் கண்ணுக்கே தெரியக்கூடாது என்று ஆசை. நானும் சரி என்று 2 மில்லிமீற்றர் விட்டுப் போட்டேன். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார், அவ்வளவு வடிவாக இருந்தது. பிறகு மழை வருடங்கள் வந்தன. 2022 இல் சிட்னியில் பெய்ததுபோல் பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து பெய்ததே இல்லை, அக்டோபரிலேயே 1950 ஆம் ஆண்டின் சாதனை உடைந்தது, வருடக் கணக்கு 2,500 மில்லிமீற்றரைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் அவர் போன் எடுத்தார். போய்ப் பார்த்தால் பலகைகள் ஒன்றோடொன்று முட்டி, டெக்கின் நடுப்பகுதி முதலை முதுகு மாதிரி எழும்பி நிற்கிறது. முழுவதையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிமீற்றர் விட்டுத் திரும்பப் போட்டேன், கடைசிப் பலகையை நீளவாட்டில் அரிந்து ஒடுக்க வேண்டியிருந்தது. என் செலவில்தான். வீட்டுக்காரர் கேட்டது பிழை அல்ல, தெரிந்துகொண்டே சம்மதித்தது என் பிழை.

நம் ஊர்க் கடற்கரைப் பக்கத்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்விதான். தோணிக்கும் வள்ளத்துக்கும் பலகைகளுக்கு இடையில் அடைக்கிறோமே, அது மட்டும் எப்படி நிலைக்கிறது? ஆமாம், கலப்பத்து அடிக்கிறோம். பஞ்சை முறுக்கி நீக்கலுக்குள் உளியால் இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசி விடுவார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்த கப்பல், அதுவும் இப்படிக் கலப்பத்து அடித்த மரம்தான். ஆனால் தோணி தண்ணீரிலேயே கிடப்பது. எப்போதும் ஒரே ஈரம், பலகை பருத்து அடைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே தோணியை ஒரு மாதம் கரையில் ஏற்றி வெயிலில் போட்டுப் பாருங்கள், நீக்கல் விட்டு வெளிச்சம் தெரியும், திரும்ப இறக்கினால் ஊறும் வரைக்கும் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் டெக் ஒரு கிழமை நனைந்து அடுத்த கிழமை காய்வது, கரையில் ஏற்றிய தோணி மாதிரி. அதற்குக் கலப்பத்து சரிவராது.

அடைக்காதே அடைக்காதே என்று சொல்லிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. நீக்கலால் உண்மையாகவே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு தம்பி, "அண்ணை, அம்மாவின்ர ஊன்றுதடி நீக்கலுக்க மாட்டுது, எல்லாத்தையும் அடைச்சு விடுங்கோ" என்று கேட்டார். அளந்து பார்த்தேன், 11 மில்லிமீற்றர். அது நிச்சயமாகக் கூடத்தான். மருந்தேற்றிய பைன் பலகை கடையில் வாங்கும்போது பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும், அதை நெருக்கி வைத்துப் போட வேண்டும், காயக் காயத் தானாகவே நீக்கல் விழும். அவர்களுக்குப் போட்டவர் ஈரப் பலகைக்கே 6 மில்லிமீற்றர் விட்டிருக்கிறார், காய்ந்ததும் அது 11 ஆகிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காய்ந்த கடின மரத்துக்கு இடம் விட வேண்டும், ஈரமான பைனுக்கு நெருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று போனால் ஒன்று முட்டும், இல்லையென்றால் பிளந்து நிற்கும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், மூன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணி ஒன்றை எடுத்து டெக்கின் நாலைந்து இடத்தில் நீக்கலுக்குள் விட்டுப் பாருங்கள். 90 மில்லிமீற்றர் அகலப் பலகையில் ஆணி அளவாக இறங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். 140 பலகையில் கொஞ்சம் தாராளமாகவே இறங்க வேண்டும், நாலு ஐந்து மில்லிமீற்றர் அங்கே அளவானது. கோடை முடிவில் அளந்தால் கூடக் காட்டும், நீண்ட மழைக்குப் பிறகு அளந்தால் குறையக் காட்டும், அதையும் கணக்கில் எடுங்கள். டெக் முழுக்க எட்டுப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ஒழுங்கான வழி ஒன்றுதான்: பலகைகளைக் கழற்றி நெருக்கிப் போட்டு, மிஞ்சும் இடத்துக்கு ஒரு புதுப் பலகை சேர்ப்பது. கூலி வரும்தான், ஆனால் திருகாணியால் பூட்டிய டெக் என்றால் பழைய பலகையே பெரும்பாலும் உதவும், கழற்றும் அதே நாளில் கீழே சட்டத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தின் மேல்முகத்துக்கு ஒட்டும் தார்ப்பட்டி ஒன்று விற்கிறது, அந்த நேரத்தில் அதையும் ஒட்டிவிடுங்கள். நாங்கள் அந்தத் தம்பியின் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீக்கல் அகலம் என்றால், அதே மரத்தில் மெல்லிய கீற்று ஒன்றை அரிந்து, ஒரு பலகையின் விளிம்போடு மட்டும் பொருத்தலாம். மற்றப் பக்கத்தில் 3 மில்லிமீற்றர் விட்டுத்தான். இரண்டு பக்கமும் ஒட்டினால் அதுவும் அடைப்புத்தான், அடுத்த கோடையில் எங்காவது வெடிக்கும். மரத்தூளைப் பசையில் குழைத்து நிரப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம்கூட நிற்காது, துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும்.

ஊன்றுதடி பற்றி இன்னொன்று. 4, 5 மில்லிமீற்றர் நீக்கலில் நல்ல ரப்பர் போட்ட தடி மாட்டாது. அந்த அம்மாவின் தடியைத் திருப்பிப் பார்த்தேன், அடி ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து உள்ளே உலோகக் குழாயின் விளிம்பு தெரிந்தது. அது டெக்கில் மட்டும் அல்ல, குளியலறை ஓட்டிலும் வழுக்கும். மருந்துக்கடையில் ரப்பர் மட்டும் தனியாக வாங்கலாம், சில டொலர்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தடியை இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். சக்கர நாற்காலியோ உருட்டிக்கொண்டு நடக்கும் சட்டமோ பாவிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், புதிதாக டெக் போடும்போது அவர்கள் நடக்கும் வழிக்குக் குறுக்காகப் பலகை வருமாறு போடச் சொல்லுங்கள். வழியோடு நீளமாக வந்தால் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் நீக்கலைப் பிடித்துக்கொண்டு அது போகும் பக்கமே இழுக்கும்.

தோடு, சாவி விழுமே என்கிறவர்களுக்கு: உட்காரும் இடத்தில் பாய் ஒன்றை விரித்து, எழும்பும்போது சுருட்டி எடுத்து விடுங்கள். பிளாஸ்ரிக் புல் விரிப்பை நிரந்தரமாக டெக்கில் போட்டு வைக்காதீர்கள், அதற்கு அடியில் ஈரம் காயவே காயாது. கீழே வலை அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் இலை எல்லாம் அதில் தங்கும், கீழே தவழ்ந்து போய்ச் சுத்தம் செய்ய உயரம் இல்லாத டெக் என்றால் வேண்டவே வேண்டாம்.

சுத்தம் என்றதும் ஜகரண்டா ஞாபகம் வருகிறது. இன்னும் சில கிழமையில் தெருவெல்லாம் ஊதாப் பூ கொட்டத் தொடங்கும். பார்க்க அழகு, ஆனால் அந்தப் பூ நனைந்து நீக்கலுக்குள் இறங்கினால் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். மற்ற இடங்களில் குப்பை கீழே விழுந்துவிடும், சட்டத்துக்கு மேலே வரும் இடத்தில்தான் போக வழி இல்லாமல் தங்கும், அதுவும் சிலிக்கோன் அடைத்த மாதிரித்தான் வேலை செய்யும். திருகாணிகள் வரிசையாகத் தெரியும் கோட்டைப் பாருங்கள், அதற்குக் கீழேதான் சட்டம். பழைய இரும்பு வாள் அலகு ஒன்றை எடுத்து அந்தக் கோட்டோடு ஒவ்வொரு நீக்கலையும் கிளறி விடுங்கள், பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். அழுத்தத்தில் பீச்சும் இயந்திரத்தைக் கிட்டப் பிடித்தால் மரத்தின் மென்மையான நாரைப் பிய்த்துவிடும், பிறகு வெறும் காலோடு நடக்கிற பிள்ளைகளுக்குச் சிராய் ஏறும்.

நீல மலை அடிவாரப் பக்கமும் புதருக்குப் பக்கத்திலும் வீடு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காட்டுத்தீ நேரத்தில் காற்றில் வரும் தணல் முதலில் போய்த் தங்குவது இப்படியான நீக்கலில் கிடக்கும் காய்ந்த இலையில்தான். அந்தப் பகுதிகளில் டெக் கட்ட ஏ.எஸ். 3959 என்ற ஆஸ்திரேலியத் தரக் கட்டுப்பாடு இருக்கிறது. அதில் தீயைத் தாங்கும் மரம் என்று சொல்லப்பட்ட ஏழில் மெர்போ, ஸ்பொற்றட் கம், பிளாக்பட் மூன்றும் வருகின்றன. எந்த மரமானாலும் இலையைக் கூட்டாமல் விட்டால் பயன் இல்லை.

புதிதாக டெக் போட யாரிடமாவது விலை கேட்கும்போது, எத்தனை சதுர மீற்றர், என்ன மரம் என்பதோடு நின்றுவிடாமல், பலகை காய்ந்ததா ஈரமா, எவ்வளவு நீக்கல் விடப் போகிறீர்கள், சட்டத்துக்கு மருந்தேற்றிய மரமா என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள். நியூ சவுத் வேல்ஸில் 5,000 டொலருக்கு மேற்பட்ட வேலை என்றால் செய்பவருக்கு உரிமம் வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும், தெரிந்தவர் என்று பார்த்து அதை விட்டுவிடாதீர்கள். நீக்கல் எவ்வளவு என்று கேட்டதும், முதலில் பலகையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

பெண்டில் ஹில் வீட்டில் அடுத்த திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். 14 சட்டத்தில் 9 மாற்ற வேண்டும், பலகை முழுக்கத் தப்பிவிட்டது. சிலிக்கோனை ஒவ்வொரு விளிம்பிலும் சுரண்டி எடுக்கவே ஒன்றரை நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தத் தோட்டுச் சுரை கீழே மண்ணில் கிடந்தது, நாலு பலகையைத் தூக்கிய அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த இதழில் அந்த நாலு வரிக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன், இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், அடைக்க வேண்டாம் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
ரூங்காபி, சிட்னி